பச்சைக் கடலும் பன்றிப் பண்ணையும்: கேள்வி பதில்

கடல் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளை நுண்ணோக்கியில் எண்ணி எண்ணியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

பாம்பனிலிருந்து ஒரு மீனவர்: ஆவணி, புரட்டாசியில் சில வருடம் கடல் பச்சையாகக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. பூங்கோரை என்கிறோம். மீன் செத்து ஒதுங்குகிறது. இது விஷமா சார்?

நீங்கள் பார்ப்பது நாக்டிலூகா. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் வந்ததும் அதுதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நுண்ணோக்கிகூட வேண்டாம். ஊறிய ரவை மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் மேலே ஏறி வரும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். அதன் வயிற்றுக்குள் இன்னும் சின்னதான பச்சைப் பாசி குடித்தனம் நடத்துகிறது, அதனால்தான் அந்த நிறம்.

மட்டி விஷம் மாதிரி ஆளைக் கொல்லும் நச்சு இதில் கிடையாது. உள்ளே அம்மோனியா சேர்ந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. ஆனால் பெரும்பாலும் மீன் சாவது மூச்சு முட்டித்தான். இது கோடிக்கணக்கில் பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை அந்த அழுகலே இழுத்துக்கொள்கிறது. ஓட முடிந்த மீன் ஓடிவிடும். பவளம் எங்கே ஓடும்? 2019இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளம் செத்தது இப்படித்தான். உயிரோடு பிடித்த மீனைச் சாப்பிடலாம். செத்து ஒதுங்கியதைத் தொடாதீர்கள், அது எப்போது செத்ததென்று யாருக்குத் தெரியும்?

நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மா: சிப்பி, மட்டியில் பாசி விஷம் ஏறும் என்கிறார்கள். நன்றாக வேகவைத்தால் போய்விடாதா?

போகாது அம்மா. அந்த நச்சு கிருமி இல்லை, கொதித்தாலும் அசையாது. சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித்தான் வயிறு நிரப்புகிறது, பாசியில் இருக்கும் நச்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். 1981இல் தமிழ்நாட்டுக் கரையில் மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997இல் உங்களுக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். லிட்டருக்குச் சில ஆயிரம் செல் இருந்தாலே சிப்பியில் நச்சு ஏறிவிடும், அந்த அளவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும். ஆக, பச்சைக் கடலைப் பார்த்து அலறுகிறோம், தெளிந்த கடலை நம்பிச் சாப்பிடுகிறோம். சாப்பிட்டதும் உதடும் விரல் நுனியும் மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அமெரிக்காவில் மீனைக் கொன்று, மனிதருக்கு ஞாபகமறதியும் உண்டாக்கும் பாசி ஒன்று இருப்பதாகப் படித்தேன். பிறகு அதெல்லாம் கட்டுக்கதை என்றும் படித்தேன். எது உண்மை?

நீங்கள் படித்தது ஃபிஸ்டீரியா என்ற உயிரியின் கதை. கொஞ்சம் நீளும், பரவாயில்லையா?

1988இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத் தொட்டிகளில் மீன்கள் காரணம் தெரியாமல் செத்தன. தண்ணீரில் புது டைனோஃபிளாஜெல்லேட் (சவுக்கு மாதிரி இழையால் நீந்தும் ஒரு செல் உயிரி) ஒன்று இருந்தது. ஜோஆன் பர்க்ஹோல்டர் என்ற தாவரவியலாளர் அதன் பின்னாலேயே போனார். 1992இல் நேச்சர் இதழில் அவர் குழு எழுதிய கட்டுரை அதை ‘மாயாவி’ என்றது: சேற்றில் உறங்கும், மீன் வாடை பட்டதும் எழும், நச்சு கக்கிக் கொல்லும், தின்றுவிட்டு மறையும். பாம்லிகோ, நூஸ் ஆற்று முகத்துவாரங்களில் லட்சக்கணக்கில் மீன் சாவதற்கு இதுவே காரணம் என்றது. அதன் வாழ்க்கையில் 24 வடிவங்கள் வரை சொன்னார்கள். ஆய்வகத்தில் அதோடு வேலை செய்தவர்களுக்கே நினைவு தடுமாறியது.

அந்த ஆறுகளின் மேற்பகுதியில் என்ன இருந்தது என்கிறீர்கள்? பன்றிப் பண்ணைகள். சாணமும் மூத்திரமும் திறந்த குளங்களில் கிடக்கும். 1995 ஜூனில் ஒரு பண்ணையில் அப்படி ஒரு குளம் உடைந்து 9 கோடி லிட்டருக்கும் மேல் கழிவு நியூ ஆற்றில் இறங்கியது. பண்ணைத் தொழிலுக்கு அரசியலில் இருந்த பிடியை எழுதிய ராலே நகரத்து நாளிதழுக்கு 1996இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தக் கழிவில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மீனைத் தின்னும் மாயாவி என்றதும் நாடே திரும்பியது.

1997 ஆகஸ்டில் மேரிலாந்தில் போகோமோக் ஆற்றில் மீன்கள் புண்ணோடு மிதந்தன. ஆளுநர் பாரிஸ் கிளெண்டெனிங் ஆற்றின் ஒரு பகுதியை மூடினார். அங்கே பன்றிக்குப் பதில் கோழிப் பண்ணை. நல்ல மீனைக்கூட வாங்க ஆளில்லாமல் போனது. மறு வருடமே, விவசாயிகள் எருவைக் கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று சட்டம் வந்தது.

அப்புறம் 2002. ஒரு குழு மரபணுச் சோதனை செய்து, இதன் வாழ்க்கை மற்ற டைனோஃபிளாஜெல்லேட் மாதிரி சாதாரணமானதுதான், அந்த 24 வடிவங்களில் சேர்த்த அமீபா எல்லாம் வேறு உயிரிகள் என்றது. இன்னொரு குழு, இதன் நெருங்கிய இனம் ஒன்றையும் மீன் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில் விட்டு, நடுவே மெல்லிய சவ்வைக் கட்டியது. தண்ணீர் போய்வரும், செல் போகாது. செல் தொட முடிந்த மீன்கள் செத்தன, சவ்வுக்கு அப்பால் இருந்தவை பிழைத்தன. அதாவது விஷம் கக்கவில்லை, தோலைக் கடித்துத் தின்றது. 2007இல் வேறொரு குழு, உலோகம் கலந்த, சீக்கிரம் சிதைந்துபோகும் நச்சு ஒன்றை இதிலிருந்து பிரித்தெடுத்ததாகச் சொன்னது. எல்லோரும் அதை ஏற்கவில்லை.

மீன்களின் புண்? பெரும்பாலும் அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை மாதிரி உயிரியின் வேலை. 1980களின் இறுதியில் இலங்கையிலும் இந்தியாவிலும் விரால் மீன் குழிப்புண்ணோடு மிதந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆள்தான்.

கட்டுக்கதை என்று தள்ள முடியாது. உயிரி உண்மை, மீன் செத்தது உண்மை. இரண்டையும் கோத்த கயிறுதான் பாதி அறுந்துவிட்டது.

அதே மாணவர்: அப்படியானால் அந்தச் சட்டம் தவறான அறிவியலின் மேல் வந்ததுதானே?

நல்ல கிடுக்கிப்பிடி. பண்ணைத் தரப்பும் இதையேதான் கேட்டது. என் கணக்கு வேறு. ஃபிஸ்டீரியா என்ற ஒன்று இல்லாமலே இருந்திருந்தாலும் அவ்வளவு சாணம் ஆற்றில் கலந்தால் பாசி பெருகும், ஆக்சிஜன் இறங்கும், மீன் சாகும். அதற்கு மாயாவி எதற்கு? பழைய பாடமே போதும். ஆனால் சலிப்பான உண்மைக்கு அசையாத அரசாங்கம் திகில் கதைக்கு அசைந்தது. கதையில் ஓட்டை விழுந்ததும், பாடத்தையும் சேர்த்துக் குப்பையில் போடப் பார்த்தார்கள்.

இதோடு 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். சிப்பி சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், சிலருக்கு நினைவே போனது. ஆய்வில் இறங்கிய ஒரு வாரத்துக்குள், காரணம் டோமோயிக் அமிலம் என்ற பாசி நச்சு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே சிப்பி வியாபாரிக்கே பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. வட கரோலினாவில் பதில் தாமதமாக வந்தால் லாபம் அடைய ஆள் இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: பாசிப் பெருக்கம் எல்லாமே சாக்கடையால்தான் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

வேண்டாம். அமெரிக்காவின் புளோரிடாவில் கடலைச் சிவக்கவைக்கும் ‘ரெட் டைட்’ பெருக்கம் கரீனியா பிரெவிஸ் என்ற பாசியால் வருவது. அது கரையிலிருந்து தொலைவில் தொடங்குகிறது, ரசாயன உரம் வருவதற்கு முன்பும் வந்தது. கரைக்கு வந்தபின் நிலத்துக் கழிவு அதற்குத் தீனி போடுகிறது. ‘இயற்கைதான்’ என்பவரும் ‘மனிதன்தான்’ என்பவரும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

ஆய்வு மாணவி ஒருவர்: முடிவு உறுதியாகும்முன் பத்திரிகையிடம் பேசலாமா சார்?

ஒருமுறை மீன் செத்த இடத்துத் தண்ணீரில் அயோடின் கரைசல் விட்டு எடுத்துவந்தேன். டீ நிறத்தில் பாட்டில்கள், இரண்டு நாள் எண்ணினேன். ‘ஆக்சிஜன் குறைவால் மீன்கள் இறந்தன’ என்று எழுதினேன். மேலே போன அறிக்கை ‘இறந்திருக்கக்கூடும்’ என்று திரும்பி வந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த சுற்றில் ‘இயற்கைக் காரணங்களால்’ என்ற இரண்டு சொல் கூடியிருந்தது. அதற்கும் போட்டேன், இன்றும் உறுத்துகிறது. பேசுங்கள் அம்மா. அளந்ததைச் சொல்லுங்கள், ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள். மாயாவி, பேய் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

திருவான்மியூர்வாசி: 2019 ஆகஸ்டில் இரவில் அலை நீலமாக மின்னியதே, அதில் கால் நனைத்தேன். ஏதாவது ஆகுமா?

ஆறு வருடத்துக்கு மேலாகியும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்! அதுவும் நாக்டிலூகாதான், அலை அடித்து உலுக்கினால் ஒளிரும். தோல் மெலிந்தவர்களுக்கு அரிக்கலாம், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனவர்கள் மறுநாள் மூடியைத் திறந்திருந்தால் நாற்றம் வேறு கதை சொல்லியிருக்கும்.