வாசகர் கேள்விகள்: வேலையும் ஆளுமையும் ஆராய நிதி

கேள்வி: முனைவர் பட்டம் பெற்று 2 ஆண்டுகள் ஆகின்றன. ஆளுமைப் பண்புகளுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய நிதி கேட்டிருந்தேன். 'கேட்கும் தொகைக்கு அடிப்படை விளங்கவில்லை' என்ற ஒரே வரியோடு முன்மொழிவு திரும்பிவிட்டது. ஆய்வுக் கேள்வியில் குறை இருப்பதாக அவர்கள் சொல்லவில்லையே?

பதில்: சொல்லவில்லைதான். ஆனால் நீங்கள் அனுப்பியுள்ள செலவுப் பக்கத்தில் 'தரவு சேகரிப்பு' என்பதற்கு எதிரே பெரிய முழுத்தொகை ஒன்று மட்டும் நிற்கிறது. எத்தனை பேரை, எத்தனை முறை, எதைக் கொண்டு அளக்கப்போகிறீர்கள் என்பதிலிருந்து அந்தத் தொகை பிறந்ததற்கான தடயமே இல்லை.

கணக்கை இப்படித் தொடங்கலாம். பாரிக், மவுண்ட் என்ற இருவர் 1991-இல் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஐம்பெரும் ஆளுமைப் பண்புகளில் (புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, வெளிநோக்கு, இணக்கம், மனக்கலக்கம்) பொறுப்புணர்வு ஒன்றே எல்லாத் தொழில் பிரிவுகளிலும் பணித்திறனோடு சீராக இணைந்து வந்தது. அளவுப் பிழைகளுக்குத் திருத்தம் செய்த பிறகும் அந்த ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.2-ஐ ஒட்டியே இருந்தது. 0.2 அளவுள்ள ஒட்டுறவை 80 விழுக்காடு வாய்ப்போடு, இல்லாத தொடர்பை இருப்பதாகக் கருதிவிடும் அபாயத்தை வழக்கமான 5 விழுக்காட்டு எல்லைக்குள் வைத்துக் கண்டறிய ஏறத்தாழ 194 பேர் தேவை. மதிப்பீடு அலைபாயாமல் நிலைபெற 250 பேரை நெருங்க வேண்டும் என்று ஷோன்பிராட், பெருஜினி இருவரும் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். நீங்களோ அதே ஆட்களை மூன்று சுற்றுகளில் அளக்க நினைக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் 30 விழுக்காட்டினர் விலகுவார்கள் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் 250 பேர் மிஞ்சுவதற்கு முதலில் 510 பேரைச் சேர்க்க வேண்டும். நடுவில் 357 பேர் இருப்பார்கள். ஆக, 1,117 முறை பங்கேற்புத் தொகை கொடுக்க வேண்டியிருக்கும். இந்த எண்ணைச் செலவுப் பக்கத்தின் முதல் வரியாக எழுதிப்பாருங்கள். தொகையைக் குறைக்க விரும்பும் மதிப்பீட்டாளர், 30 விழுக்காடு ஏன், மூன்று சுற்று எதற்கு என்று உங்களோடு ஆய்வைப் பற்றி வாதிட்டாக வேண்டுமே தவிர, 'பாதி போதும்' என்று கோடிழுத்துவிட முடியாது.

உரிமக் கட்டணம் கேட்கும் வினாநிரலுக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். லூயிஸ் கோல்ட்பெர்க் தொடங்கிவைத்த சர்வதேச ஆளுமை வினாத் தொகுப்பில் 3,000-க்கும் மேற்பட்ட வினாக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கே மிச்சமாகும் பணத்தை, பங்கேற்பாளரின் ஆளுமையை அவரோடு சேர்த்து மதிப்பிடும் இன்னொருவருக்குக் கொடுங்கள். ஒருவர் தம் ஆளுமையையும் தம் வேலைத்திறனையும் தாமே மதிப்பிட்டால், கிடைக்கும் தொடர்பில் எவ்வளவு அவருடைய விடையளிக்கும் போக்கினால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். சக ஊழியர்கள் போன்ற பிறர் தரும் ஆளுமை மதிப்பீடு, தன்மதிப்பீட்டைவிடப் பணித்திறனை நன்றாக முன்னுணர்த்துகிறது என்று கானலி, ஓன்ஸ் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் சொல்கிறது.

கேள்வி: ஒரு நிறுவனம் தன் ஊழியர்களையே ஆய்வுக்குத் தந்து, முழுச் செலவையும் ஏற்க முன்வருகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்பந்தத்தைப் படித்த பிறகு முடிவுசெய்யுங்கள். முடிவுகள் எப்படி வந்தாலும் அவற்றை வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்றும், தனி ஊழியரின் மதிப்பெண் எந்த மேலாளரின் கைக்கும் போகாது என்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். பதவி உயர்வைத் தீர்மானிப்பவர் தன் விடையைப் பார்ப்பார் என்று சந்தேகிக்கும் ஊழியர், தான் எப்படிப்பட்டவர் என்று எழுதமாட்டார். எப்படித் தெரிய வேண்டும் என்பதையே எழுதுவார். நெறிமுறை ஒருபுறம் இருக்க, அந்தத் தரவு ஆய்வுக்கே உதவாது. பேச்சளவில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்றால் விலகிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு முறை நிதி மறுக்கப்பட்டுவிட்டது, இரண்டாவது முறை மிகச் சிறிய மதிப்பெண் வித்தியாசத்தில். இனி விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?

பதில்: நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நிதித் திட்டம் ஒன்றில் தகுதிக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-இல் வெளியானது. திறமையில் ஏறக்குறைய சமமான இந்த இரு தரப்பில், கோட்டைத் தாண்டியவர்கள் அடுத்த 8 ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் நிதி திரட்டினார்கள். இதற்கு ஒரு காரணம் எளியது: தவறவிட்டவர்களில் பலர் அதன்பின் விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வரிதான்.

ஆகவே விண்ணப்பியுங்கள், ஆனால் அளவை மாற்றுங்கள். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நிலை நல்கை 5 ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை தருகிறது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதனோடு இணைந்த நாட்டிலோ உள்ள ஒரு நிறுவனம் உங்களை ஏற்க வேண்டும். முன்னோட்டத் தரவு இல்லாமல் அங்கே போவது சிரமம். அதற்கு முந்தைய படியாக, அமெரிக்க உளவியல் அறக்கட்டளை, தொழில்–நிறுவன உளவியல் சங்கத்தின் அறக்கட்டளை போன்றவை தரும் சிறு நல்கைகளைப் பாருங்கள். உறுப்பினர் தகுதி கேட்கிறார்களா என்பதை முதலில் கவனியுங்கள். சிறு நல்கைகளில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

காத்திருக்கும் மாதங்களில் களச்செலவே இல்லாத ஆய்வொன்றைச் செய்யலாம். ஜெர்மனியில் 1984 முதல் அதே குடும்பங்களைப் பின்தொடரும் சமூகப் பொருளாதாரக் குழு ஆய்வும் ஆஸ்திரேலியாவின் குடும்ப ஆய்வும் 2005 முதல் ஐம்பெரும் பண்புகளையும் அளந்து வந்திருக்கின்றன; வேலை, ஊதியம், வேலையிழப்பு எல்லாம் அவற்றில் பதிவாகியுள்ளன. தரவைப் பெற உறுதிமொழி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். ஆளுமை வேலையை எப்படி மாற்றுகிறது என்பதோடு, வேலை ஆளுமையை எப்படி மாற்றுகிறது என்ற மறுபாதிக் கேள்வியையும் அங்கே கேட்கலாம். உங்கள் அடுத்த முன்மொழிவில் 'இதுவரை கண்டது' என்ற தலைப்பின் கீழ் எழுத ஒரு பக்கமாவது அதிலிருந்து கிடைக்கும்.