சோலார் சரியாகத்தான் ஓடுகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: ஓர் ஆண்டுக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் 'பூஜ்ய ஆற்றல் கட்டடம்' என்று எங்கள் அலுவலகத்தை வடிவமைத்தார்கள். பரப்பு 1,000 சதுர மீட்டர். கூரையில் 40 கிலோவாட் சோலார். முதல் 12 மாதத்தில் கிரிட்டிலிருந்து (மின்வாரிய இணைப்பிலிருந்து) எடுத்தது 38,000 யூனிட், திருப்பி அனுப்பியது 24,000. பேனல் போதவில்லை, இன்னும் 10 கிலோவாட் போடலாம் என்கிறார்கள். போடலாமா, இல்லை முதலில் கண்காணிப்புக் கருவிகள் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 14,000 யூனிட் துண்டு விழுகிறது என்பதை மட்டும்தான் நெட் மீட்டர் (எடுத்ததையும் அனுப்பியதையும் பதியும் கிரிட் மீட்டர்) சொல்லும். அது உற்பத்தியில் விழுகிறதா, செலவிலா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் அனுப்பிய சோலார் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) அறிக்கையில் ஆண்டு உற்பத்தி 56,000 யூனிட். அதோடு கிரிட்டிலிருந்து எடுத்ததைக் கூட்டி, அனுப்பியதைக் கழித்தால் கட்டடத்தின் உண்மையான செலவு: 70,000. சதுர மீட்டருக்கு 70 யூனிட். வடிவமைப்பு அறிக்கையோ 55 என்கிறது.

பேனல் மேல் பழி போடும் முன் அதையும் சோதித்துவிடலாம். பேனல் தளத்தில் விழுந்த ஆண்டு வெயில் சதுர மீட்டருக்கு 1,800 கிலோவாட் மணி (அதாவது யூனிட்) என்று அதே இன்வெர்ட்டர் அறிக்கை காட்டுகிறது. அது 1,800 மணி நேர முழு வெயிலுக்குச் சமம்; எனவே இழப்பே இல்லாவிட்டால் 40 கிலோவாட் பேனல் தர வேண்டியது 40-ஐ 1,800-ஆல் பெருக்கினால் வரும் 72,000 யூனிட். கிடைத்தது 56,000, அதாவது 78 சதவீதம். வெப்பம், தூசி, வயர், இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் போக 75 முதல் 85 வரை வருவது வழக்கம்தான். சோலார் தன் வேலையைச் செய்கிறது.

சரி, மிச்சம் எங்கே போகிறது? ராத்திரியில் பாருங்கள். பேட்டரி இல்லாத கட்டடத்தில் இருட்டிய பிறகு கிரிட் மீட்டர் காட்டுவதுதான் முழுச் செலவு. தனிக் கருவியே வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மீட்டர் எடுத்த பதிவில் அதிகாலை 2 மணிக்கு 3 கிலோவாட் ஓடுகிறது, விடுமுறை நாளிலும் அதே 3. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் இது ஓடினால் 26,280 யூனிட், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அதைப் பாதியாக்கினாலே 13,140 மிச்சம். உங்கள் துண்டு கிட்டத்தட்ட அடைபட்டுவிடும்.

ஆள் இல்லாத நாளில் எலெக்ட்ரீஷியனை வைத்து, சர்வர்காரர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்து மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் அறை ஏசியைத் தேவையில்லாமல் 18 டிகிரியில் வைத்திருப்பது, கழிப்பறை எக்ஸாஸ்ட் விசிறி, தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிய யூபிஎஸ், மின்வெட்டுக்குப் பிறகு நேரம் மாறிப்போன டைமர் விளக்கு: என் அனுபவத்தில் பெரும்பாலும் இவற்றில்தான் சிக்கும்.

இதற்குப் பிறகும் காரணம் பிடிபடாவிட்டால், ஒவ்வொரு பிரிவின் செலவையும் தனித்தனியாக அளக்கும் சப்-மீட்டர் வாங்கலாம். ஏசி, விளக்கு, சர்வர், பம்ப்-லிஃப்ட், பிளக் பாயின்ட் என்று பிரித்தால் போதும். பொருத்திய அன்றே ஒரு சோதனை: எல்லாச் சப்-மீட்டர்களின் கூட்டுத்தொகையும் கட்டடத்தின் மொத்தச் செலவோடு சில சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மூன்று ஃபேஸில் ஒரு சி.டி.யை (மின்னோட்டத்தை அளக்க வயரில் மாட்டும் வளையம்) தலைகீழாக மாட்டிவிட்டால், அந்த ஃபேஸைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிடும். லோடு சமமாக இருந்தால் உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். அதை நம்பி "ஏசி சிக்கனமாக ஓடுகிறது" என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு.

ஜெனரேட்டர் டீசலும் சமையல் எரிவாயுவும் இருந்தால் அவற்றையும் கணக்கில் சேருங்கள். கோடை கடுமையாக இருந்ததா, ஆட்கள் கூடினார்களா என்பதைப் பொறுத்து வடிவமைப்பு எண்ணையும் திருத்திக்கொள்ள வேண்டும். அப்புறம், மாதா மாதம் கடைசி 12 மாதக் கூட்டுத்தொகையைப் பாருங்கள்; ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்தால் மழைக்காலம் பயமுறுத்தும், வெயில் காலம் ஏமாற்றும். ராத்திரி லோடைக் குறைத்து ஓர் ஆண்டு ஓடிய பிறகும் பெரிய துண்டு விழுந்தால், கூடுதல் பேனலுக்கு அப்போது விலை கேளுங்கள்.