மாத்திரைக்குப் பதில் வெண்டைக்காய் நீரா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 62. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். வெண்டைக்காயை நறுக்கி இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அடியோடு போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த நீரைத்தான் குடிக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குக் கணக்கு நன்றாக வர வேண்டும் என்று தினமும் அவனுக்கு வெண்டைக்காய் ஊட்டுகிறார். அவனோ கொழகொழவென்று இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். வெண்டைக்காய்க்கு உண்மையில் அவ்வளவு மகிமை உண்டா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: முதலில் மாத்திரை. மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றே மாமியாரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை நிறுத்தியதையும், என்றைக்கு நிறுத்தினார் என்பதையும், வெண்டைக்காய் நீர் குடித்து வருவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் வலிக்காது. அதுதான் அந்த நோயின் கொடுமை. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் கெட்டுக்கொண்டிருக்கலாம். இந்த ஆபத்தை அறியாமல் வைத்தியம் சொல்லும் உறவினர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். காலில் ஆறாத புண் வந்தால் கட்டுப் போடுவது நீங்கள்தான்.

வெண்டைக்காய் நீர் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு துளி உண்மை உண்டு. வெண்டைக்காயின் கொழகொழப்பு, தண்ணீரில் கரையும் நார்ச்சத்தால் ஆனது. குடலில் அது கூழாகி, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. பித்தநீரோடும் ஒட்டிக்கொள்வதால் கொழுப்புச்சத்து சற்றுக் குறையவும் வழி உண்டு. மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகள் சிலவற்றில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் அவை சிறிய, குறுகிய கால ஆய்வுகள். மாத்திரையைக் கைவிட்டு இதைக் குடிக்கலாம் என்று சொல்ல அவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

உங்கள் மாமியார் சாப்பிட்டு வந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011இல் வங்கதேச ஆய்வாளர்கள் எலிகளுக்கு மெட்பார்மினையும் வெண்டைக்காயின் கரையும் சத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையை உடம்பு ஈர்ப்பதைத் தடுத்த அதே கொழகொழப்பு, மாத்திரையை ஈர்ப்பதையும் தடுத்தது. மெட்பார்மின் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவர் சொல்லி மாத்திரையை மீண்டும் தொடங்கும்போது, பழக்கத்தை விடாமல் அந்த நீரோடு சேர்த்து விழுங்கிவிடக் கூடாது என்று எச்சரிக்க இது போதும்.

அந்த நீரைத் தயாரிக்கும் முறையும் எனக்குச் சரியாகப் படவில்லை. கரையும் சத்தில் ஒரு பகுதி மட்டும் தண்ணீரில் இறங்குகிறது. கரையாத நார் முழுவதும் காயிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் காயைத் தூக்கி எறிகிறோம். காய்ப்புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் பயந்து மருந்து தெளிக்கப்படும் பயிர் இது. சரியாகக் கழுவாமல் நறுக்கிப் போட்டு, நம் ஊர் வெப்பத்தில் ஓர் இரவு முழுவதும் வெளியில் வைத்து வெறும் வயிற்றில் குடிப்பதில் என்ன ஆரோக்கியம்?

காயாகச் சமைத்துச் சாப்பிட்டால் வெண்டைக்காய் அருமையான உணவு. 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 33 கலோரிதான். நார்ச்சத்து 3 கிராமுக்குச் சற்று மேல், வைட்டமின் சி 20 மில்லிகிராமுக்கு மேல், ஃபோலேட் சுமார் 60 மைக்ரோகிராம், கூடவே மக்னீசியமும் வைட்டமின் கே-யும் உண்டு. சோறு அதிகமாகவும் காய் கொஞ்சமாகவும் இருக்கும் நம் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணை சிலதான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், வைட்டமின் கே காரணமாக, அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். அதற்கு ஆதாரம் இல்லை. பையன் கணக்கில் பின்தங்குகிறான் என்றால் கரும்பலகையில் எழுதுவது அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பரிசோதியுங்கள். இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது, வெண்டைக்காயிலோ இரும்பு மிகக் குறைவு. பின்னங்கள் புரியவில்லை என்றால் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கணக்குக்காக வாயில் திணித்தால் அவனுக்குக் கணக்கும் கசக்கும், காயும் கசக்கும்.

அவன் தட்டைத் தள்ளுவதற்குச் சமையலில்தான் காரணம் இருக்கிறது. காயை முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் கொழகொழப்பை நீங்களே கிளப்பிவிடுகிறீர்கள். துண்டுகள் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டுப்பட்ட பரப்பு கூடக்கூடப் பசையும் கூடும். அகலமான இரும்புச் சட்டி நன்றாகச் சூடான பிறகு எண்ணெய் விட்டு, காயைப் பரப்பிப் போட்டு, மூடாமல் வதக்க வேண்டும். மூடினால் ஆவி காயின் மேலேயே இறங்கி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும் என்பதால் அதைக் கடைசியில் போடுங்கள். இப்படிச் செய்தால் பசை தெரியாது. நார்ச்சத்தும் எங்கேயும் போய்விடாது. நைஜீரியாவில் வெண்டைக்காய்ச் சாறு கரண்டியில் நூலாக இழுபட்டால்தான் அது நல்ல சமையல். அமெரிக்காவின் லூசியானாவில் கம்போ என்னும் குழம்பைக் கெட்டியாக்கவே இதைப் போடுவதுண்டு. நமக்குப் பிடிக்காத குணத்தையே அங்கே தேடிச் சாப்பிடுகிறார்கள்.

நம் சமையலில் இந்தப் பசைக்கு மாற்று புளிப்புதான். வத்தக்குழம்பில் புளி, மோர்க்குழம்பில் தயிர் என்று ஏதாவது ஒரு புளிப்போடுதான் வெண்டைக்காய் பெரும்பாலும் சேரும். இவற்றில் செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டியை நான் முதலிடத்தில் வைப்பேன். அரிசி களைந்த நீரில், முதல் நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் நீரில் புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள். கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் முழுசு முழுசாகப் போட்டு வதக்கி, தனியாக வதக்கி வைத்த வெண்டைக்காயைச் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். எண்ணெய் பிரிந்து கெட்டியாகும் வரை கொதிக்கட்டும். மறுநாள் ருசி இன்னும் கூடும். மகனுக்கு முதலில் தயிர்ச்சோற்றோடு ஒரு கரண்டி கொடுத்துப் பாருங்கள். மண்டி இருந்தால் சோறு தானாக இறங்கும், மாமியார் விஷயத்தில் அங்கேதான் கவனம் வேண்டும்: அவருக்குச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிப் பரிமாறுங்கள்.