பதில்: தாத்தாவின்ர லென்ஸில நல்லூர் கோபுரம் மங்கலாத் தெரியுது

தம்பி, நிக்கோன் கமராவில போட்ட தாத்தாவின்ர லென்ஸ் பழுதில்லை, ஆரிட்டையும் கழட்டக் குடுத்திடாதேங்கோ. கிட்ட நிக்கிற ஆக்களின்ர முகம் தெளிவாய் விழுது, தேரடியில நிண்டு கோபுரத்தை எடுத்தால் மட்டும் மங்கல் எண்டு எழுதியிருக்கிறியள். அதிலேயே விடை இருக்குது.

உங்கட சுப்பர் டக்குமார் 55 மி.மீ. லென்ஸ் எம்42 மரை, அதாவது திருகிப் பூட்டுற வகை. அது சென்சரிலயிருந்து, அதாவது கமராவுக்குள்ள படம் விழுற தட்டிலயிருந்து, 45.46 மி.மீ. தூரத்தில இருக்கவேணும். நிக்கோன் டி5300இல லென்ஸ் பூட்டுற வளையமான மவுண்டே 46.5 மி.மீ. தள்ளி நிக்குது, இரண்டையும் இணைக்கிற அடப்டரின்ர தடிப்பு வேற. அந்த ஒரு மில்லிமீற்றர்தான் வில்லங்கம், லென்ஸ் தள்ளி நிண்டால் கிட்ட உள்ளதுதான் தெளியும். மூண்டு மீற்றருக்கு அங்கால எதுவும் தெளியாது, எவ்வளவு திருகினாலும்.

உள்ளுக்குக் கண்ணாடி வில்லை வைச்ச அடப்டர் விக்கிறாங்கள், தூரத்தில உள்ளதும் தெளியும். ஆனால் மலிவானது படத்தைச் சோப்புப் போட்டமாதிரி ஆக்கிப்போடும். நான் ஒண்டு வாங்கி மேசை லாச்சிக்குள்ள கிடக்குது. பழைய சோனி மிரர்லெஸ் (உள்ளுக்கு ஆடி இல்லாத கமரா) ஒண்டு இரவல் கிடைச்சால் போட்டுப் பாருங்கோ. அதில சென்சருக்கும் மவுண்டுக்கும் இடையில தூரம் 18 மி.மீ. மட்டும்தான், வில்லை இல்லாத வெறும் அடப்டரே காணும். இந்த லென்ஸ் போட்டிருக்கிறது அந்தக் கமராவுக்குத் தெரியாது, அதால மெனுவில 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கலாம்' எண்டதைப் போட்டுவிடுங்கோ.

அதுவரைக்கும் இதை முகப்படத்துக்கு வைச்சிருங்கோ. லென்ஸில உள்ள ஆளியை 'எம்' பக்கம் தள்ளுங்கோ, இல்லாட்டி அப்பேச்சர் (வெளிச்சம் போற துவாரம்) சுருங்காமலே நிக்கலாம். உங்கட கமரா இதுக்கு வெளிச்சம் அளக்காது. நல்ல வெயிலெண்டால் எஃப்/16, ஐஎஸ்ஓ 100, 1/100 செக்கன் எண்டு துவங்கி ஹிஸ்டோகிராமை (படத்தின்ர வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) பார்த்து மாத்துங்கோ.