ஆடியோகிராம் நார்மல், ஆனால் கடையில் பேச்சு புரியவில்லை

கேள்வி: பட்டர்வொர்த்தில் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். தைப்பூசம் முடிந்து இரண்டு நாள் காதில் 'ஙொய்' என்று சத்தம், அப்புறம் நின்றுவிட்டது. ஆடியோகிராம் நார்மல். ஆனாலும் நாசி கண்டார் கடையில் எதிரில் இருப்பவர் பேசுவது புரிவதில்லை. பரிசோதனை தவறா?

பதில்: பரிசோதனை சரியாகத்தான் இருக்கும். உங்கள் குறையும் உண்மைதான். அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதைத்தான் ஆடியோகிராம் அளக்கிறது. இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பது வேறு வேலை.

உள்காதில் மூளைக்குச் செய்தி அனுப்பும் மயிர்ச்செல்கள் சுமார் 3,500தான். ஒவ்வொன்றையும் பத்துக்கு மேற்பட்ட நரம்பு இழைகள் தொடுகின்றன. பலத்த சத்தத்தில் செல்கள், நரம்புக்குச் செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவுக்கு மீறிக் கொட்டும். நரம்பு நுனி வீங்கி, இணைப்பு கழன்றுவிடும். செல் மட்டும் பிழைத்துக்கொள்ளும். 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 100 டெசிபல் சத்தத்தில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு பழையபடி திரும்பியது. ஆனால் உயர் சுருதிப் பகுதியில் ஏறக்குறைய பாதி இணைப்புகள் போயிருந்தன. பலத்த ஒலிக்கு மட்டும் வேலை செய்யும் இழைகளே முதலில் பாதிக்கப்படுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. மெல்லிய ஒலிக்கு அவை தேவையில்லை என்பதால் ஆடியோகிராமில் சிக்காது.

உயிருள்ள மனிதர் காதில் இந்த இணைப்புகளை எண்ண வழியில்லை. எனவே உங்களுக்கும் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இரைச்சலில் பேச்சைக் கேட்கும் சோதனையும் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலான உயர் சுருதிச் சோதனையும் செய்யும்படி ஆடியோலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள்.

கழன்றதை ஒட்டவைக்க மருந்து இன்னும் வரவில்லை. மிச்சத்தைக் காப்பதுதான் வழி. மலேசியாவின் 2019 விதிமுறைப்படி வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டுமென்றால் 85ஐத் தாண்டியாயிற்று. தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும் வழியில் மணிக்கணக்கில் வாசிக்கிறீர்கள், சின்னப் பிள்ளைகளும் குழுவில் நிற்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், தாளம் தப்பாது. ஃபோம் என்றால் விரலில் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை.

திடீரென ஒரு காது மந்தமானால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்; ஸ்டீராய்டு சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் பலன் குறையும்.