டான்சில் ஆபரேஷனும் ஏடிஹெச்டி பையனும்: வார்டில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏடிஹெச்டிக்கு (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) மெத்தில்ஃபெனிடேட், ஃபிட்ஸுக்கு வால்புரோயேட் எடுக்கிறான். டான்சில் வீங்கி ராத்திரி மூச்சு முட்டுவதால் அடுத்த மாதம் ஆபரேஷன். போன வருடம் காய்ச்சலுக்குச் சேர்த்தபோது ட்ரிப்ஸ் ஊசியை இரண்டு முறை பிடுங்கிவிட்டான், கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். இந்த முறையும் அப்படித்தானா? ஆபரேஷன் சமயத்தில் ஏடிஹெச்டி மாத்திரையை நிறுத்திவிடலாமா சிஸ்டர்? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: தியேட்டருக்குள் நடப்பது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. மற்றதெல்லாம் காத்திருப்புதான். அட்மிஷனுக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, டாக்டர் ரவுண்ட்ஸுக்கு, பில்லுக்கு என்று காத்திருந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு எது வரவே வராதோ, அதைத்தான் ஆஸ்பத்திரி அவனிடம் நாள் முழுக்கக் கேட்கிறது. குழந்தைகள் வார்டில் இருபது வருடம் வேலை பார்த்ததில் நான் கண்டது, இந்தப் பிள்ளைகள் வலியைக்கூடத் தாங்கிவிடுவார்கள், காத்திருப்பைத்தான் தாங்கமாட்டார்கள்.

அதனால் முதல் கோரிக்கை, லிஸ்டில் அவனை முதல் கேஸாகப் போடச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வழக்கமாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்புவரை லேசான உணவும் 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீரும் தரலாம். "ராத்திரி 12க்கு மேல் எதுவும் கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், "தண்ணீர் எத்தனை மணி வரைக்கும்?" என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பசியும் தாகமும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் அடங்காது.

இனி மருந்து. வால்புரோயேட்டை ஒரு வேளைகூட விடக்கூடாது. தூக்கம் கெட்டு, மாத்திரையும் தவறினால் ஃபிட்ஸ் வர அதுவே போதும். ஆபரேஷன் அன்று காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வதுதான் வழக்கம், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: வால்புரோயேட் சிலருக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும், ரத்தம் உறைவதையும் பாதிக்கும். டான்சில் ஆபரேஷனில் பயமே ரத்தக்கசிவுதான். எனவே இந்த மாத்திரையைப் பற்றி காது-மூக்கு-தொண்டை டாக்டருக்குத் தெரியுமா, அதற்கான ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மெத்தில்ஃபெனிடேட் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். ஆபரேஷன் அன்று காலை மட்டும் வேண்டாம் என்று சில மயக்க மருந்து டாக்டர்கள் சொல்வார்கள், சிலர் கொடுக்கச் சொல்வார்கள். முடிவு அவர்களுடையது. மற்ற நாட்களில் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவன் ஓரிடத்தில் இருக்க வேண்டிய நாளில் அவனுக்கு இருக்கிற ஒரே துணையையும் எடுத்துவிட்டு, அப்புறம் அவனையே திட்டுவதில் அர்த்தமில்லை. கூடவே குளோனிடின் (ஏடிஹெச்டிக்குச் சிலருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்து) எடுக்கிறான் என்றால் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் எகிறும்.

பலரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்து தொண்டை புண்ணாக இருக்கும்போது மாத்திரையை எப்படி விழுங்குவான்? நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மருந்து மொத்தமாக இறங்கிவிடும். வால்புரோயேட்டில் சிரப் உண்டு, ஆனால் அதற்கு மாறினால் வேளைக் கணக்கும் மாறலாம். இரண்டு மருந்துக்கும் மாற்று ஏற்பாடு என்ன என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கல் ஷாப்பில் நின்று முடிவு செய்கிற காரியமில்லை இது.

சரி, ஊசிக்கு வருவோம். போன வருடம் அவன் பிடுங்கியது சேட்டை இல்லை. பிளாஸ்டரின் ஓரம் ஒரு நூல் அளவு தூக்கியிருந்தால் போதும், இந்தப் பிள்ளைகளின் விரல் தானாக அங்கே போய்விடும். சுரண்டச் சுரண்ட ஓரம் பிரியும், அப்புறம் வென்ஃப்ளானே (ட்ரிப்ஸுக்காகக் கையில் செருகும் குழாய்) கையோடு வந்துவிடும். எழுதாத கையில் போடச் சொல்லுங்கள். மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றி ஓரமே தெரியாமல் மூடச் சொல்லுங்கள். வீக்கம் இருக்கிறதா என்று சிஸ்டர் அவ்வப்போது பிரித்துப் பார்ப்பார். இன்னொரு கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். ஒரு பையனிடம் ட்ரிப்ஸ் சொட்டை எண்ணும் பொறுப்பைக் கொடுத்தேன். நிமிடத்துக்கு எத்தனை என்று அவன் எனக்குக் கணக்கு சொன்னான், ஒருமுறை வேகம் குறைந்ததைக் கண்டுபிடித்ததும் அவன்தான்.

குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவும் மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது, கேளுங்கள். மாஸ்க் வழியாக மயக்கம் கொடுத்துத் தூங்கிய பிறகு ஊசி போடும் வழியும் உண்டு, அவனுக்கு அது சரிவருமா என்று கேட்டுவையுங்கள். கையைக் கட்டுவது, வேறு எதுவுமே முடியாதபோது கொஞ்ச நேரத்துக்கு, யாராவது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு செய்ய வேண்டியது. ஆள் இல்லை என்பதற்காகக் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வார்டில் ஒரு நாளைக்கு மூன்று டூட்டி மாறும். ஒவ்வொரு சிஸ்டரிடமும் முதலிலிருந்து சொல்ல உங்களால் முடியாது. ஒரே ஒரு தாளில் எழுதி கேஸ் ஷீட்டின் முன்னால் வைக்கச் சொல்லுங்கள்: என்ன மருந்து, எத்தனை மணிக்கு, அவனுக்கு ஃபிட்ஸ் எப்படி வரும், எந்தச் சத்தம் ஆகாது, எதைக் கொடுத்தால் அடங்குவான், வலித்தால் எப்படிக் காட்டுவான். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வலியில் புரளும் பிள்ளையைப் பார்த்து "ஏடிஹெச்டிதானே, இப்படித்தான் இருப்பான்" என்று விட்டுவிடுவது எங்கள் பக்கம் நடக்கிற தப்பு. அவன் வழக்கத்தைவிட அதிகமாகப் புரண்டால் முதலில் வலியா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலி மருந்தும் அழுத பிறகு இல்லாமல், டாக்டர் சொன்ன மணிக்கணக்கில் போக வேண்டும்.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் உங்களையே அடையாளம் தெரியாமல் கத்தி உதைப்பார்கள். பொதுவாக அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பயப்படாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே வந்து பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். பேசும்போது ஒரு சமயத்தில் ஒன்றுதான்: "முதலில் மருந்து, அப்புறம் ஐஸ்கிரீம்." "ஆடாதே, பேசாதே, எழுந்திரிக்காதே" என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுகூட உள்ளே போகாது.

மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும், தொண்டை வலியும் சேர்ந்தால் குடிக்கவே மாட்டான். காலை மாத்திரைக்கு முன்பும், மாத்திரையின் வேகம் குறையும் சாயங்காலமும் ஆறிய கஞ்சி, இளநீர், ஐஸ்கிரீம் என்று கொடுங்கள். நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர். எட்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

குறட்டை நின்று ராத்திரி நன்றாகத் தூங்கினால் பகல் துறுதுறுப்பும் கொஞ்சம் குறையலாம். அதைப் பார்த்து மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அப்புறம் உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

ஆபரேஷன் முடிந்து 5 முதல் 10 நாள் வரை கவனமாக இருங்கள். தொண்டையில் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும் நாட்கள் அவை, ரத்தம் கசியலாம். தூக்கத்தில் அடிக்கடி விழுங்குகிறான், எச்சிலில் புது ரத்தம் வருகிறது, ரத்தமாக வாந்தி எடுக்கிறான் என்றால் எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிக்கல் என்னவென்றால், அவனுக்கு வலி குறைந்து ஓடத் தோன்றுவதும் அதே வாரத்தில்தான். கிரிக்கெட் மட்டையை எங்கே ஒளித்துவைப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.