அந்தப் புள்ளி பெருக்கல் குறி இல்லை

கீழக்கரை, பத்தாம் வகுப்பு மாணவி: மயில்துத்தத்தின் வாய்பாட்டில் நடுவே ஒரு புள்ளி வருதே, பெருக்கணுமா சார்?

பெருக்கக் கூடாதும்மா. மயில்துத்தத்தில் ஒரு பங்கு காப்பர் சல்பேட்டோடு ஐந்து பங்கு தண்ணீர் படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம். முதலில் காப்பர் சல்பேட் என்ற உப்பை எழுது, அப்புறம் எழுத்தின் நடு உயரத்தில் புள்ளி, அடுத்து 5, அதை ஒட்டி எச்2ஓ. அந்த 5-ஐ மட்டும் கீழே சின்னதாக எழுதிவிடாதே, முழு அளவில் நிற்க வேண்டும். மூலக்கூறு நிறை கேட்டால் கூட்டு: காப்பர் சல்பேட் 159.5 + ஐந்து தண்ணீர் 90 = 249.5. இந்த இரண்டையும் பெருக்கிப் பதினாலாயிரத்துச் சொச்சம் என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்! பெயரும் தண்ணீரை எண்ணித்தான்: ஐந்து என்றால் பென்டாஹைட்ரேட், ஆறு ஹெக்சா, ஏழு ஹெப்டா, பத்து டெக்கா. பேதி உப்பு மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், சலவை சோடா சோடியம் கார்பனேட் டெக்காஹைட்ரேட்.

வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன்: ஐப்பசி மழையில் வீட்டு உப்பு கசிகிறதே, அதுவும் நீரேறிய உப்பா?

நல்ல கேள்வி தம்பி, ஆனால் இல்லை. நம்ம ஊர் வெயிலில் பாத்தியில் விழும் சோடியம் குளோரைடு படிகத்தில் தண்ணீருக்கு இடமே கிடையாது, அதனால் அதன் வாய்பாட்டில் புள்ளியும் வராது. கசிய வைப்பது கூடவே ஒட்டிவரும் மக்னீசியம் குளோரைடு. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் நிறைய இருப்பது அதுதான். படிகமானால் ஆறு தண்ணீரோடு ஹெக்சாஹைட்ரேட், ஆனாலும் ஆசை அடங்காமல் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து அதிலேயே கரைந்துவிடும். கழுவிய உப்பு அவ்வளவாகக் கசியாததற்கும் இதுதான் காரணம்.

ராமநாதபுரம், பிளஸ் ஒன் மாணவர்: பாரிஸ் சாந்தில் அரைத் தண்ணீர் மூலக்கூறு எப்படி?

மூலக்கூறை யாரும் வெட்டவில்லை. இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு தண்ணீர், அதைத்தான் ஒன்றுக்கு அரை என்று எழுதுகிறோம், பெயர் ஹெமிஹைட்ரேட். உப்பு விழுவதற்கு முந்தின பாத்திகளில் அடியில் படிகிற ஜிப்சம் டைஹைட்ரேட், அதாவது ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு தண்ணீர். அதைப் பக்குவமாகச் சூடாக்கி முக்கால் பங்கு தண்ணீரை விரட்டினால் பாரிஸ் சாந்து. தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஜிப்சமாகி இறுகும்.

மண்டபம், ஆய்வக உதவியாளர்: நீரற்ற காப்பர் சல்பேட் 10 கிராம் வேண்டும், கையில் நீலக் கல்தான் (மயில்துத்தம்) இருக்கிறது.

நீலக் கல்லின் எடையில் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் 15.6 கிராம் போடுங்கள். கரைசல்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் வறுத்து வெள்ளையாக்கும் வேலையே வேண்டாம்.